ஏ பக்கம் மாமாவுக்கு, பி பக்கம் எனக்கு

அன்புள்ள மகளுக்கு,

கேசட்டுகளை எல்லாம் அனுப்பு, கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து அலமாரியைக் கிளறிக்கொண்டிருக்கிறேன். பெட்டி தயார். அனுப்புவதற்கு முன்னால் சில விஷயங்களை எழுதிவிடுகிறேன். போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், ஒன்றும் காதில் ஏறாது.

எல்லாவற்றுக்கும் மேலே, துணியில் சுற்றி வைத்திருப்பதுதான் என் முதல் ஆல்பம். சரியாகச் சொன்னால் அரைச் சொந்தம். அது ஒரு சி-90 கேசட். பக்கத்துக்கு 45 நிமிடம். 1948-இல் வந்த எல்பி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது, இருபத்திரண்டு நிமிடம்தான் பாட்டு பிடிக்கும். அதனால் ஒரு முழு ஆல்பம் என்பது பெரும்பாலும் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆக, ஒரு சி-90-க்குள் இரண்டு ஆல்பங்கள். உன் மாமாவும் நானும் பாகம் பிரித்துக்கொண்டோம். ஏ பக்கம் அவனுக்கு, பி பக்கம் எனக்கு. என்னென்ன பாட்டு என்று இங்கே எழுதப்போவதில்லை, நீயே கேட்டுத் தெரிந்துகொள். மாமாவின் ரசனையைப் பற்றி அப்புறம் பேசலாம்.

பாகம் பிரித்தபோது ஒரு விஷயம் எங்களுக்கு உறைக்கவில்லை. பக்கம்தான் இரண்டு, நாடா ஒன்றுதான். அதன் அகலம் நாலு மில்லிமீட்டர்கூட இல்லை. அதில் பாதி அவன் பக்கம், மீதிப் பாதி என் பக்கம், இரண்டும் எதிரெதிர்த் திசையில். அதாவது, அவனுடைய முதல் பாட்டும் என்னுடைய கடைசிப் பாட்டும் நாடாவில் ஒரே இடத்தில் அக்கம்பக்கமாக இருக்கின்றன. அவனுக்கோ அந்த முதல் பாட்டின் மேல் பைத்தியம். முடிந்ததும் ரீவைண்ட், மறுபடியும் அதே பாட்டு. ஒரு நாள் டேப் ரெக்கார்டர் சரியாக அந்த இடத்தில் நாடாவை உள்ளே இழுத்துக் கசக்கிவிட்டது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை வெளியே எடுத்தோம். விரலால் நீவிவிட்டு, பென்சிலைப் பல்சக்கரத்தில் நுழைத்துச் சுற்றி உள்ளே அனுப்பினோம். பாட்டு பிழைத்தது, மடிப்பு போகவில்லை. அவன் பாட்டில் அது தாளச் சத்தத்தில் அமுங்கிப்போனது. என் பாட்டில், பாடகி ஒரு வரியை நீட்டி இழுக்கும் இடத்தில், குரல் ஒரு கணம் தண்ணீருக்குள் முங்கி எழுந்த மாதிரி கேட்கும். "உன் பக்கத்தை நான் தொடவே இல்லையே!" என்று அவன் சாதித்தான். அதற்குப் பதில் சொல்ல எனக்கு அப்போது தெரியவில்லை.

அந்தப் பாட்டுக்கு இன்னொரு குறையும் உண்டு. என் ஆல்பம் கேசட்டின் அளவைக் கொஞ்சம் தாண்டியது. கடைசிச் சரணத்தில், ஒரு சொல்லின் நடுவில் நாடா தீர்ந்து, பொத்தான் 'டக்' என்று மேலே வந்துவிடும். எவ்வளவோ வருஷம் கழித்து போனில் முழுப்பாட்டும் கிடைத்தது. ஆவலோடு கேட்டேன். பல்லவி ஒருமுறை திரும்ப வருகிறது, வாத்தியங்கள் அடங்குகின்றன, அவ்வளவுதான். நானாக மனசுக்குள் பாடி முடித்து வைத்திருந்த முடிவு இதைவிட நன்றாக இருந்தது. அதனால் நீ இணையத்திலிருந்து முழுப்பாட்டை எடுத்து ஒட்ட வேண்டாம். டக்கென்று நிற்கட்டும்.

முக்கியமாக இன்னொன்று. இரைச்சலை நீக்கும் மென்பொருள் ஏதோ இருக்கிறது என்றாயே, அதை இந்தக் கேசட்டில் போடாதே. மூன்றாவது பாட்டு தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வினாடி முன்னால், நிசப்தத்தில் காதைத் தீட்டிக் கேள். அதே பாட்டின் முதல் வரி ரொம்ப மெல்லிசாக, ரொம்பத் தூரத்திலிருந்து கேட்கும். நாடா சுருளாக இருக்கும்போது ஓர் அடுக்கின் காந்தப் பதிவு அடுத்த அடுக்கில் லேசாக ஒட்டிக்கொள்வதால் வருவது அது. சி-90 நாடா சி-60-ஐவிட மெல்லியது என்பதால் இதில் கொஞ்சம் அதிகம். சின்ன வயசில் பாடகி ஒத்திகை பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். மென்பொருளுக்கு அது வெறும் குப்பை. எனக்கு அது இல்லாமல் அந்தப் பாட்டு தொடங்காது.

பெட்டியில் அதற்கு அடுத்து இருப்பது முழுசாக எனக்கே எனக்கென்று வந்த முதல் கேசட். அச்சிட்ட உறையைப் பிரித்தால் எறும்பு எழுத்தில் பாட்டு வரிகள். அதில் இரண்டாவது பாட்டு எனக்குப் பிடிக்காது. ஆனால் அதைத் தாண்டிப்போக பொத்தானை அழுத்தி, உத்தேசமாக நிறுத்தி, தவறிப்போய் மறுபடி பின்னால் வந்து... அதற்குப் பேசாமல் கேட்டே தொலைக்கலாம். அப்படிக் கேட்டுக் கேட்டு இப்போது அதைத்தான் முணுமுணுக்கிறேன். 1982-இல் சிடி வந்து, அது வீடுகளுக்குள் நுழைந்ததும் வேண்டிய பாட்டுக்கு நேரே தாவலாம் என்று ஆகிவிட்டது. சௌகரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கும் அந்த ஆல்பத்தில் ஒரு பாட்டு முடிந்தால் அடுத்த பாட்டின் முதல் சுரம் எனக்குத் தானாகக் கேட்டுவிடும். உன் போன் கலைத்துப் போட்டு வேறெதையோ பாடினால் படியில் கால் தவறுகிறது.

இனி வேலை விவரம். கேசட் 1963-இல் பிலிப்ஸ் கொண்டுவந்த அதே அளவுதான் இன்றும், எந்த பிளேயரானாலும் சரி. ஓடவிடும் முன் ஒவ்வொன்றையும் கடைசிவரை முன்னால் ஓட்டி, திரும்பப் பின்னால் ஓட்டு. நாடாவுக்குப் பின்னால், தகட்டில் ஒட்டியிருக்கும் சின்ன மெத்தைத் துண்டு விழுந்திருந்தால் சத்தம் மங்கும், பார்த்துக்கொள். பாட்டு இழுவையாகக் கேட்டால் பிளேயரின் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மேல் விளிம்பில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் தடுப்புகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் தவறிப்போய் மேலே எதுவும் பதிவாகாது. முதல் கேசட்டில் இரண்டுமே உடைந்திருக்கும். ஒருவரை ஒருவர் நம்பாமல் நாங்களே உடைத்தது. மற்றவற்றில் நீ உடைத்துக்கொள்.

மாமாவும் ஒரு பிரதி கேட்டிருக்கிறான். ஏ பக்கம் மட்டும் போதுமாம். நீ இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே கோப்பாக அனுப்பு, இந்த வயசிலாவது என் பாட்டைக் கேட்கட்டும்.

பார்சல் வந்ததும் சொல்.

அன்புடன்,
அம்மா