நம் 800-ஐ விற்க வேண்டாம், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன வாரம் போனில் நீ சொன்னதை நான் மறுத்துப் பேசியது உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். "ஏம்மா அந்தப் பழைய வண்டிக்கே செலவு பண்ணிக்கிட்டு இருக்கே, நான் பணம் அனுப்பறேன், புதுசா ஒண்ணு வாங்கிடுங்க" என்றாய். அன்பில் சொன்னதுதான். ஆனால் டொராண்டோவில் உனக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிடுகிறது, இங்கே எனக்குப் பேச்சு பாதியில் நின்றுவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். பணம் அனுப்ப வேண்டாம். ஏன் என்பதைப் பொறுமையாகப் படி.

1997-இல் நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது வந்த மாருதி 800 இது. 2010 ஏப்ரலில் சென்னையையும் சேர்த்து 13 நகரங்களில் பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது இங்கே மாருதி 800 விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் தயாரிப்பே நின்றுபோனது. ஆனால் 1983-லிருந்து முப்பது வருடம் லட்சக்கணக்கில் ஓடிய வண்டி. அதன் பாகம் இல்லாத ஸ்பேர் பார்ட்ஸ் கடை தமிழ்நாட்டில் இல்லை. ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்தும் ஒருத்தி இந்த வண்டியைப் பழுதுபார்க்கும் வேலையில் இறங்க முடிந்ததற்கு முதல் காரணம் இதுதான். நான்கைந்து வருடம் மட்டும் விற்று மறைந்துபோன ஏதோ ஒரு காராக இருந்திருந்தால் நானே உன் பக்கம் பேசியிருப்பேன்.

அப்பாவின் முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தது உனக்குத் தெரியும். நான் கையில் எடுத்தபோது பேட்டரி செத்திருந்தது. டாங்க்கில் இருந்த பெட்ரோல் கெட்டுப்போய் வார்னிஷ் வாடை அடித்தது. ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை. பார்க்க வந்த ஒரு மெக்கானிக், இஞ்சினை முழுசாகப் பிரித்து சிலிண்டரைக் கடைந்து போர் பண்ண வேண்டும் என்று ஒரு பெரிய தொகையைச் சொன்னார். நான் சரி என்று சொல்லவில்லை. கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பார்க்காமல் இஞ்சினைத் திறக்கக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன். இப்போது நம் வண்டிக்கு வேலை பார்க்கும் மெக்கானிக் பாய் கேஜ் வைத்துப் பார்த்தார். மூன்று சிலிண்டரிலும் அழுத்தம் நன்றாகவும் ஏறக்குறைய ஒன்றாகவும் இருந்தது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் அப்படி இருக்காது. வெகுநாள் நின்ற வண்டி காலையில் முதல் தடவை ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் நீலமாகப் புகைந்து அப்புறம் தெளிந்துவிடுகிறது என்றால் பெரும்பாலும் வால்வ் சீல் இறுகிப்போய் ஆயில் உள்ளே கசிகிறது என்று அர்த்தம். சீல் மாற்றினோம், புகை நின்றது. முப்பது வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் சொல்லிக் கொடுத்தவள் நான். அளந்து பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்வதில்லை.

மாதம் 3,000 ரூபாய். அதற்குமேல் ஒரு பைசா வண்டிக்குப் போகாது. ஒரு மாதம் செலவில்லை என்றால் அது அடுத்த மாதத்தோடு சேரும். டயர் போன்ற பெரிய செலவுக்கு அப்படித்தான் சேர்த்தேன். பழைய வகுப்பு நோட்டு ஒன்றில் தேதி, பாகம், விலை, கூலி எல்லாம் எழுதி வைக்கிறேன். ஒரு வேலை முடிந்தால் வண்டியைச் சில வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. நான்கு வேலையை ஒன்றாகச் செய்துவிட்டால், புதிதாக ஒரு சத்தம் வரும்போது எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நீ மொத்தமாகப் பணம் அனுப்பினால் நடப்பதும் அதுதான். யாராவது எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் கழற்றி மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். எது தேவைப்பட்டது, எது தேவைப்படவில்லை என்பது எனக்குத் தெரியாமலே போய்விடும்.

பெயிண்ட் மங்கிக் கிடக்கிறதே என்று பக்கத்து வீட்டில் கூடக் கேட்கிறார்கள். கூரை ஒழுகும் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலை அது. முதலில் பிரேக். மாஸ்டர் சிலிண்டர், பின் சக்கரத்து வீல் சிலிண்டர்கள், ஷூ, முன்னால் பேட், ரப்பர் ஹோஸ்கள் எல்லாம் புதிது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. ஈரம் சேரச் சேர ஆயிலின் கொதிநிலை இறங்கும், உள்ளே சிலிண்டரும் துருப்பிடிக்கும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். அடுத்தது டயர். ரோட்டில் படும் பட்டன் தேயாமல் நன்றாக இருக்கிறது, இன்னும் ஓடும் என்றார் ஒருவர். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2216 என்றால் 2016-ஆம் வருடம் 22-ஆம் வாரம் செய்தது. நம் டயரில் இருந்தது அதுதான். ரப்பர் முழுக்க மெல்லிய வெடிப்பு. யோசிக்காமல் மாற்றினேன்.

பெட்ரோல் விஷயம்தான் எனக்கு நிறைய யோசனை கொடுத்தது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1997-இல் இந்த வண்டியைச் செய்தவர்கள் அதை நினைத்துச் செய்யவில்லை. எத்தனால் பழைய ரப்பரை ஊதவைத்து இளக்கும், தண்ணீரையும் இழுக்கும். வண்டி நின்றே கிடந்தால் அந்தத் தண்ணீர் பிரிந்து டாங்க்கின் அடியில் தங்கித் துருவாகும். அதனால் டாங்க்கை இறக்கிக் கழுவி, பெட்ரோல் ஹோஸ் முழுவதையும் எத்தனாலைத் தாங்கும் வகையாகப் போட்டோம். பெட்ரோல் பம்ப் மாற்றினோம், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குப் புது கிட் போட்டோம். எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால் கார்புரேட்டர் வண்டிக்குக் கலவை கொஞ்சம் மெலிந்துவிடும். பாய் அதற்கேற்ப டியூன் பண்ணிக் கொடுத்தார். மைலேஜ் முன்னைவிடக் குறைவுதான், அதை ஏற்றுக்கொண்டேன். வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது ஓட்டுகிறேன். டாங்க்கில் பெட்ரோல் நிற்க விடுவதில்லை.

அப்புறம் சூடு. மே மாதம் வேளச்சேரி சிக்னலில் நின்றால் சூடு காட்டும் முள் ஏறிக்கொண்டே போகும். திறந்து பார்த்தால் தெர்மோஸ்டாட்டே இல்லை. எப்போதோ யாரோ கழற்றி எறிந்துவிட்டு ஃபேனை நேராக வயர் போட்டு ஓடவிட்டிருக்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று இன்றும் சொல்கிறார்கள். தப்பு. இஞ்சின் சீக்கிரம் சரியான சூட்டுக்கு வந்து அதிலேயே நிற்பதற்காகத்தான் அது இருக்கிறது. 80 டிகிரி வாக்கில் தானாகத் திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும். அது இல்லாவிட்டால் காலையில் கடைக்குப் போய் வரும் தூரம் முழுக்க இஞ்சின் குளிர்ந்தே ஓடும், பெட்ரோல் குடிக்கும், தேயும். வண்டி கொதித்ததற்கு உண்மையான காரணம் ரேடியேட்டர்தான். வருடக்கணக்கில் நம் போர்வெல் தண்ணீரை ஊற்றி, கெட்டிலில் படிவது போலவே குழாய்க்குள் உப்பு படிந்து அடைத்திருந்தது. ரேடியேட்டரைக் கழற்றி ராடு விட்டுச் சுத்தம் செய்து, தெர்மோஸ்டாட்டும் ஃபேன் சுவிட்சும் புதிதாகப் போட்டு, கூலண்ட்டை டிஸ்டில்ட் வாட்டரில் கலந்து ஊற்றினோம். போன கத்திரி வெயிலில் முள் பாதிக்கு மேல் போகவில்லை.

இஞ்சின் வால்வுகளை ஓட்டும் டைமிங் பெல்ட்டையும், அதிகம் ஓடவில்லையே என்று கிலோமீட்டர் பார்த்து விட்டுவைக்காமல் மாற்றினேன். ஓடாத வண்டியிலும் ரப்பருக்கு வயதாகும்.

பாகம் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை இரண்டுக்கும் போகிறேன். வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால் கூவத்தைத் தாண்டிப் புதுப்பேட்டை. நீ அங்கே போனதே இல்லை. தெரு முழுக்கப் பிரித்த வண்டிகளின் கதவு, பம்பர், ஆக்ஸில், சீட் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். இந்த வருடத்து 800-க்கு இது என்றால் ஒருவர் உள்ளே போய் நேராக அதையே எடுத்து வருவார். பேரம் உண்டு, ஆனால் தெரிந்து கேட்பவர்களிடம் மரியாதையும் உண்டு. பழையது எதை வாங்கலாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கண்ணாடி ஏற்றும் மெஷின், கதவுக் கைப்பிடி, வைப்பர் மோட்டார், பின் லைட் இதெல்லாம் பழசு போதும். பழுதானால் சங்கடம், அவ்வளவுதான். பிரேக், பெல்ட், ஹோஸ், பேரிங் மட்டும் கடையில் பில் போட்டுப் புதிது. சீட் பெல்ட்டும் புதிது. பழுதானால் உயிருக்கு ஆபத்து வரும் பொருளில் பேரம் பேச எனக்கு மனம் வராது.

துருதான் மிச்சம் இருக்கும் பெரிய வேலை. உங்கள் ஊரில் பனிக்காக ரோட்டில் உப்பு போடுவார்கள் என்று நீதான் சொன்னாய். இங்கே கடல் காற்று, அதற்குமேல் 2015 டிசம்பர் வெள்ளம். அப்போது கார்ப்பெட்டுக்கு அடியில் போன தண்ணீர் முழுசாகக் காயவே இல்லை. டிரைவர் பக்கத்துத் தரையை ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போனது. தகடு வேலை செய்யும் டிங்கர் அழுகின தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்ட் செய்தார். பட்டிப் பசை வைத்து மூடக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தேன். துருவின்மேல் பட்டி வைத்தால் அது உள்ளுக்குள் தின்றுகொண்டே போகும். வெல்டிங் முடிந்ததும் துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பெயிண்ட், அதன்மேல் அடிப்பகுதிக்குக் கோட்டிங். இன்னும் இடது பக்கமும் டிக்கியின் அடித்தட்டும் இருக்கிறது. இதில் செலவே இல்லாத ஒரு வேலை உண்டு. கதவுகளின் அடியில் தண்ணீர் வடிய சிறு ஓட்டைகள் இருக்கும், முன் கண்ணாடிக்குக் கீழே ஒரு பள்ளம் இருக்கும். அதில் வாசல் வேப்பமரத்து இலை அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் வண்டிக்குள்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு கம்பியால் அதையெல்லாம் சுத்தம் செய்கிறேன். ஐப்பசியில் பெருமழை எச்சரிக்கை வந்தால், மடிப்பாக்கத்தில் எல்லோரும் செய்வது போல வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவேன்.

உன் பயம் எதுவென்று எனக்குத் தெரியும். இதில் ஏர்பேக் இல்லை, பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். இல்லை. எவ்வளவு செலவழித்தாலும் அதை இதில் கொண்டுவர முடியாது. அது நியாயமான பயம், நான் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் இது ஊருக்குள் மட்டும். ஜி.எஸ்.டி. ரோடு நெடுஞ்சாலையில் தாம்பரம் தாண்டி எடுத்துப் போவதில்லை. திருச்சிக்குச் சித்தி வீட்டுக்கு ரயில்தான். ராத்திரியிலும் தேவையில்லாமல் எடுப்பதில்லை. ஆனாலும் ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டு பேட்டரியிலிருந்து நேரடியாகக் கரண்ட் வரும்படி செய்தோம். பழைய சுவிட்ச் வழியாக வரும்போது வோல்டேஜ் இறங்கி மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. இப்போது பளிச்சென்று எரிகிறது. மற்றபடி அப்பாவை பிசியோதெரபிக்கு, எனக்கு மார்க்கெட்டுக்கு, கோயிலுக்கு. நம் தெருவில் ஒரு பக்கம் மெட்ரோ வேலை, மறுபக்கம் நிறுத்திய வண்டிகள். சுமார் 3.3 மீட்டர் நீளமுள்ள இந்த வண்டி திரும்புகிற இடத்தில் நீ வாங்கித் தருகிற வண்டி திரும்பாது.

15 வருடம் ஆன பெட்ரோல் வண்டிகளுக்கு டெல்லியில் கொண்டுவந்தது போன்ற தடை இங்கே இல்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ.விடம் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஜூனில் அப்பா அதற்காக ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனபோது கட்டணம் 5,000. இரண்டு மாதம் முன்புவரை அது 600 ரூபாயாக இருந்தது. 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய காருக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். அடுத்த முறை 2027 ஜூன். பசுமை வரி தனி. மாதம் 3,000-த்தில் அதற்கும் இப்போதே ஒதுக்க ஆரம்பித்திருக்கிறேன், அதனால்தான் பெயிண்ட் இன்னும் தள்ளிப்போகிறது. போகட்டும்.

இந்த வண்டியில்தான் நான் முப்பத்தைந்து வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். நீ பள்ளிக்கூடம் போனது, உன் கல்யாணப் பத்திரிகைகளை ஊர் முழுக்கக் கொண்டுபோய்க் கொடுத்தது எல்லாம் இதில்தான். அதற்காக மட்டும் இதை வைத்திருக்கவில்லை. ஓடாவிட்டால் அனுப்பிவிட்டிருப்பேன். ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது, அதன் ஒவ்வொரு சத்தமும் இப்போது எனக்குப் புரிகிறது. ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு கற்றுக்கொண்டது வேறு எதிலும் இல்லை. இதை என்னிடமிருந்து எடுத்துவிடாதே.

பணத்தைப் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு வைத்துக்கொள். உண்மையில் ஏதாவது செய்ய வேண்டும் என்றால், டிசம்பரில் வரும்போது நான்கு நாள் சேர்த்து லீவ் போட்டு வா. டிக்கித் தகடு வேலையை அதற்குள் முடித்துவிடுவேன். பின் சீட்டைக் கழற்றி இறக்க அப்பாவால் முடியாது, உன் கையும் மாப்பிள்ளை கையும் வேண்டும். ஏர்போர்ட்டுக்கு மட்டும் டாக்சி சொல்லிவிடுகிறேன். உங்கள் பெட்டிகள் இதில் ஏறாது.

அன்புடன்,
அம்மா