இரண்டாம் ஆட்டம் வரை இருந்து பார்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே சிங்கப்பூரில் அனைவரும் நலம். நீ சேர்ந்திருக்கும் இணையக் குழுவிலிருந்து விலகிவிடலாமா என்று போன வாரம் தொலைபேசியில் கேட்டாய். சூரிக்கில் தனியாக இருப்பவளுக்குப் பேச்சுத் துணையாக இருக்கும் என்றுதான் சேர்ந்தாய் என்றும், ஆனால் அங்கே விடிந்தால் அடைந்தால் கேலியும் கிண்டலுமாகவே இருக்கிறது, மனம்விட்டுப் பேச ஒருவருமில்லை என்றும் குறைப்பட்டுக்கொண்டாய். சொல்ல வேண்டியது நீளம் என்பதால் அப்போது பேச்சை மாற்றிவிட்டேன். விலகுவதும் இருப்பதும் உன் விருப்பம். ஆனால், நாள்தோறும் நம்மை வம்புக்கு இழுப்பவர்களிடம்தான் ஒருநாள் நம் துக்கத்தையும் கொட்ட முடிகிறது என்பதை எங்கள் குழுவில் நான் கண்டிருக்கிறேன். அதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்.

எங்கள் குழு பிறந்த கதை உனக்குப் பாதி தெரியும். சமூக மன்றத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, பழைய பாடல்களைப் பாடி, பலகாரம் தின்று கலைந்துகொண்டிருந்த நாங்கள், 2020 ஏப்ரல் 7ஆம் தேதி சர்க்கிட் பிரேக்கர் என்ற கொரோனா முடக்கம் தொடங்கியதும் அவரவர் அடுக்குமாடி புளோக்கில் அடைபட்டுப்போனோம். ஈசூன் தம்பிதான் (நாங்கள் ஒருவரையொருவர் குடியிருக்கும் இடத்தின் பெயரால்தான் அழைப்போம்) ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் பாடம் நடத்தி எங்களை ஸூம் காணொளிக் கூட்டத்துக்கு இழுத்துவந்தார். இலவசக் கணக்கு என்பதால் 40 நிமிடத்தில் இணைப்பு அறுந்துவிடும். அந்த 40 நிமிடமும் முழுக்க முழுக்க வம்புதான். மீன் தலைக் கறி சிங்கப்பூரில் பிறந்ததா, கேரளத்திலிருந்து வந்ததா என்று ஒரு மாதம் சண்டை ஓடியது. தோ பாயோ அண்ணன் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. கேட்டால், 1982 ஜனவரி 1ஆம் தேதி மலேசியாவோடு சேர்ந்து சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததே, அன்று பறிபோன அந்த அரை மணி நேரத்தைத்தான் தவணை முறையில் வசூலித்துக்கொண்டிருக்கிறேன் என்பார். இத்தனை ஆண்டுகளில் அசலும் வட்டியும் தீர்ந்து கடன்காரர் ஆகிவிட்டீர்கள் என்று நான் சொன்னதற்கு இன்றுவரை அவரிடம் பதில் இல்லை.

இணைப்பு அறுவதற்கு ஓரிரு நிமிடம் இருக்கும்போதுதான் யாராவது ஒருவர், “சரி, ஒன்று சொல்ல வேண்டும் என்றிருந்தேன்” என்று தொடங்குவார். தொடங்கியதும் திரை அணைந்துவிடும். வம்புக்கு மட்டும் வந்தவர்கள் அத்துடன் படுக்கப் போய்விடுவார்கள். மனத்தில் ஏதோ கிடப்பவர்களும் அதைக் கேட்க இருப்பவர்களும் தேநீர் கலக்கிக்கொண்டு மறுபடியும் உள்ளே வருவார்கள். இதற்கு நாங்கள் இரண்டாம் ஆட்டம் என்று பெயர் வைத்திருக்கிறோம். பின்னாளில் ஈசூன் தம்பி தம் செலவிலேயே கட்டணக் கணக்கு வாங்கித்தருவதாகச் சொன்னபோது நாங்கள் சம்மதிக்கவில்லை. இருக்க விரும்புபவர்கள் இருக்கவும், போக விரும்புபவர்கள் சங்கடமின்றிப் போகவும் அந்த இடைவெளி எங்களுக்குத் தேவைப்பட்டது.

எங்கள் குழுவில் மலேசியாவிலிருந்து சேர்ந்துகொள்ளும் ஜொகூர் அக்காவைப் பற்றி உன்னிடம் விரிவாகச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். அவருடைய அண்ணன் இங்கே சிங்கப்பூரில் இருந்தவர். எங்கள் குழுவின் பாடகர். பாடகர் என்று நாங்களாகப் பட்டம் கட்டினோமே தவிர, சுருதிக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். மன்றத்தில் கூடிய காலத்திலிருந்தே அவர் வாயைத் திறந்தால் தோ பாயோ அண்ணன் காதைப் பொத்திக்கொள்வார், அவரும் வேண்டுமென்றே இன்னும் உரக்கப் பாடுவார். 2020 மே மாதத்தில் ஒருநாள் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். மலேசியா மார்ச் 18ஆம் தேதியே நடமாட்டக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்திருந்தது. ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் கடற்பாலத்தின் அந்தப் பக்கம் தங்கை, இந்தப் பக்கம் அண்ணனின் உடல். இறுதிச் சடங்கில் ஒரே நேரத்தில் 10 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பதால் எங்களில் பெரும்பாலோராலும் போக முடியவில்லை. அன்றிரவு இரண்டாம் ஆட்டத்தில் நாங்கள் சிலர் அக்காவோடு இருந்தோம். என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆறுதல் சொல்ல முயன்ற ஒருவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அக்கா கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லாமல் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அப்போது தோ பாயோ அண்ணன், “மேலே இந்நேரம் எத்தனை பேர் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறார்களோ, தெரியவில்லையே அக்கா” என்றார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அழுகை வந்துவிட்டது. செய்தி கேட்டதிலிருந்து அழாதிருந்தவர் அன்று வெகுநேரம் அழுதார், பிறகு தம் அண்ணனின் சிறுவயதுக் கதைகளை நள்ளிரவு தாண்டியும் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு யாராவது அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் அவரை ஆயுளுக்கும் மன்னித்திருக்க மாட்டோம். ஆண்டுக்கணக்கில் அந்தப் பாட்டைக் கேலி செய்தவருக்கு மட்டும்தான் அதற்கான உரிமை இருந்தது. எல்லை முழுமையாகத் திறந்த 2022 ஏப்ரலில் அக்கா இங்கே வந்து அண்ணன் படத்துக்கு மாலை போட்டபோது, தோ பாயோ அண்ணன் நேரத்துக்கு முன்பே வந்து காத்திருந்தார்.

எல்லாம் துக்கக் கதை என்று நினைத்துவிடாதே. “நான் கண்ணை மூடினால் என் மத்திய சேம நிதியில் இருக்கும் ஓய்வுக்காலச் சேமிப்புக்கு வீட்டில் அடிதடி நடக்கும், அதனால் உயிலில் எழுதிவைத்துவிட்டேன்” என்று ஒருவர் வேடிக்கையாகச் சொல்லப்போய், அந்தச் சேமிப்பை உயில் கட்டுப்படுத்தாது, அதற்குத் தனியாக நியமனம் செய்ய வேண்டும் என்று இன்னொருவர் விளக்கினார். சொன்னவர் அந்த வாரமே நியமனத்தை முடித்தார். மற்றொரு முறை தோ பாயோ அண்ணனின் எண்ணிலிருந்து, “வணக்கம், நலமாக இருக்கிறீர்களா? தங்களுக்கு வந்த ஆறு இலக்க எண்ணைத் தயவுசெய்து அனுப்பிவையுங்கள்” என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அவர் இத்தனை மரியாதையாக எழுதவே மாட்டார், இது அவர் கணக்கைத் திருடிய மோசடிக்காரரின் வேலை என்று அந்த நொடியே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. 1799 என்ற மோசடி உதவி எண்ணை அழைத்து விசாரித்துவிட்டு, கணக்கு மீட்கப்படும் வரை அதை யாரும் சீண்டவில்லை.

எல்லாக் கேலியையும் பொறுத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. நேரம் தவறுவதை, குரலை, சமையலைக் கேலி செய்யலாம். உடம்பு, நிறம், பிள்ளைகளின் திருமணம் ஆகியவற்றின் பக்கம் போகக் கூடாது என்று எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருக்கிறது. (உன் திருமணமும் இதில் அடக்கம். நிம்மதியாக இரு.) இந்த ஏற்பாடு வருவதற்கு முன், தம் பருமனைப் பற்றிய பேச்சைத் தாங்காமல் ஒரு சகோதரி விலகிப்போனார், அந்த இழப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது. உன் குழுவில் அப்படிப்பட்ட பேச்சு நடந்து, சொல்லியும் நிறுத்தாவிட்டால் உடனே வெளியே வா. அப்படி இல்லையென்றால் இன்னும் சில மாதம் இருந்து பார். அவர்கள் சீண்டினால் நீயும் திருப்பிச் சீண்டு. நீ வாய் மூடியிருக்கும்வரை உன்னை அவர்கள் விருந்தாளியாகத்தான் நடத்துவார்கள். கூட்டம் கலைந்த பிறகும் யார் தங்குகிறார்கள் என்று கவனி. அவர்களில் ஒருவர் தம் கவலையைச் சொல்லத் தொடங்கினால் யோசனை சொல்ல அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிரு. மறுநாள் தனியே அழைத்து நலம் விசாரி. குழுவால் தாங்க முடியாத பாரமும் உண்டு. உயிரை விட்டுவிடலாம் என்கிற அளவுக்கு யாராவது பேசினால் அவரைத் தனியே விடாமல், உன் ஊரில் 143, நம் ஊரில் 1767 என்ற உதவி எண்களை அழைக்கச் செய்.

வரும் ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரைக்கு எங்கள் கூட்டம். இப்போது கோடைக்காலம் என்பதால் உனக்குப் பிற்பகல் இரண்டரை மணி. வெளியூர்ப் பிள்ளைகளும் வரலாம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நீ இருக்கும் ஊரில் மார்ச் மாதத்தில் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டு அக்டோபரில் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள் என்று தோ பாயோ அண்ணனிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். தம் அரை மணி நேரத்தை அங்கே வந்து வாங்கிக்கொள்ள முடியுமா என்று உன்னிடம் கேட்கக் காத்திருக்கிறார். பதிலை யோசித்து வை.

அன்புடன்,
அம்மா