ஞாயிறு தென்மலைப் பயணம்: குடும்பத்துடன் வாருங்கள்

செங்கோட்டை ஆலைக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிறு தென்மலைக்கு ரயிலில் செல்கிறோம். தனியாக யாரும் வர வேண்டாம். மனைவி, கணவர், பிள்ளைகள், நடக்க முடிந்த பெரியவர்கள் எல்லோரையும் அழைத்து வாருங்கள். பகவதிபுரம் தாண்டியதும் குகைப்பாதை இருட்டு, அதைக் கடந்தால் ஆரியங்காவு, பிறகு கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலம். 1904-இல் ரயில் ஓடத் தொடங்கிய தடம் இது. நம் வாசலிலேயே இருந்தும், நம்மில் பலருடைய பிள்ளைகள் இன்னும் பார்க்கவில்லை. ஜன்னலோரம் அவர்களுக்கே. தென்மலையில் அணையும் மான் மறுவாழ்வு மையமும் பார்க்கலாம்.

இதை வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-இல் அறிவித்தன. சென்ற மாதம் தொடர்ந்து இரட்டைப் பணி பார்த்த நம் நண்பர் ஒருவர் மயங்கி விழுந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. ஓய்வு நாளைக் கூடுதல் சம்பளத்துக்கு விற்றுவிடாதீர்கள்.

கட்டுச்சோறு அவரவர் வீட்டிலிருந்து. புளியோதரை கொண்டுவருபவர்கள் சற்றுக் கூடுதலாகவே கட்டுங்கள்! குடிநீரும் மோரும் குழுச் செலவு.

திங்கள் முதல் மாலை 5.30-க்குக் கிடங்குக்குப் பின்னால் கைப்பந்து. பெண்களுக்குத் தனி நேரம் வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதை வியாழன் இரவுக்குள் இங்கே பதிவிடுங்கள். ரயில் நேரத்தைச் சனிக்கிழமை அறிவிக்கிறேன்.