டிக்கெட் கவுண்டரோடு நிற்கும் சாய்தளம்

ஆசிரியருக்கு வணக்கம்.

நீலகிரியின் படகு இல்லங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி என்று பேச்சு வந்தாலே, டிக்கெட் கவுண்டர் வரை ஒரு சாய்தளம், ஒரு கழிப்பறை என்று முடித்துவிடுகிறார்கள். சிக்கல் இருப்பதோ அதைத் தாண்டி, கரையிலிருந்து படகுக்குள் இறங்கும் இடத்தில்.

உதாரணத்துக்கு, படகு இல்லம் உள்ள பைக்காரா மின்உற்பத்திக்கான நீர்த்தேக்கம். நீர்மட்டம் ஏறும், இறங்கும். கரையில் கான்கிரீட்டில் கட்டிய சாய்தளம் தண்ணீர் வற்றும்போது சேற்றில் போய் முடியும். நீரோடு ஏறி இறங்கும் மிதவைத் துறைதான் வேண்டும். அதற்குப் போகும் நடைபாலத்தைக் கரைப்பக்கம் கீலில் மாட்டி, மிதவைப் பக்கம் உருளையில் நகர விட வேண்டும். சரிவு 1:12. ஓரடி இறக்கத்துக்குப் பன்னிரண்டடி நீளம். ஐந்தடி இறங்கினால் அறுபதடி, நடுவில் சமதளம் தனி. செலவுக்குப் பயந்து நீளத்தைக் குறைத்தால், திரும்பி ஏறும்போது சக்கர நாற்காலி பின்பக்கம் மல்லாந்து, தள்ளுபவரையும் சேர்த்துச் சாய்க்கும்.

பலகைகளைப் போகும் திசைக்குக் குறுக்காகப் பதிக்க வேண்டும். நீளவாக்கில் பதித்தால் இடுக்கில் முன் சிறுசக்கரம் இறங்கிவிடும். ஜூன், ஜூலை சாரலில் மரத்தில் பாசி படியும்; வெறும் பெயின்ட் இன்னும் வழுக்கும், மணல் கலந்த பூச்சு தேவை. ஓரத்தில் மூன்று அங்குலத் தடுப்பும், பார்வையற்றோர் காலில் உணரும்படி புள்ளிகள் துருத்திய தரை ஓடுகளும் பதிக்கலாம்.

“ரெண்டு பேர் சேர்ந்து தூக்கி வச்சுடலாம்” என்பது பேட்டரி நாற்காலியிடம் செல்லாது. கனமான வகையென்றால் அது மட்டுமே நூறு கிலோவைத் தாண்டும். தூக்குபவர் விளிம்பில் கால் வைத்ததும் படகு அந்தப் பக்கம் தாழும். அடியில் அருகருகே இரண்டு கலங்கள் கொண்ட தட்டையான படகு அவ்வளவாகச் சாயாது. முன்பக்கக் கதவு 90 செ.மீ., உள்ளே திரும்ப 150 செ.மீ. வட்டம் போதும்.

நாற்காலியைத் தளத்தோடு பட்டையால் கட்டலாம். ஆளை நாற்காலியோடு கட்டக் கூடாது. படகு கவிழ்ந்தால் லைஃப் ஜாக்கெட்டும் காப்பாற்றாது. பெல்ட் இல்லாமல் உட்காரவே முடியாதவருக்கு மட்டும் ஒரே இழுப்பில் கழலும் வகையைத்தான் போட வேண்டும்.

சட்டத்துக்குக் குறைவில்லை. 1995-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டமே ரயில், பேருந்து, விமானத்தோடு நீர்க்கலங்களையும் சேர்த்துச் சொன்னது. அதற்குப் பதிலாக வந்த 2016 சட்டம், இயன்ற இடங்களில் பழைய வாகனங்களையும் மாற்றியமைக்கச் சொல்கிறது. இந்த அளவுகளை டெண்டரிலேயே எழுதிவிட வேண்டும். ஆள் நிறைந்த படகிலும் காலிப் படகிலும் பேட்டரி நாற்காலியை ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகே ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குன்னூர்