சோபா வாங்கப் போகிற மல்லிகாவுக்கு

செந்தூல், கோலாலம்பூர்
நவம்பர் 18

அன்புள்ள மல்லிகா,

உன் குரல் செய்தி ஏழு நிமிஷம் ஓடியது. அதில் முட்டி வலிக்கு இரண்டு நிமிஷம், மருமகளுக்கு நாலு நிமிஷம், கடைசி மூச்சில்தான், "சாந்தி, சோபா ஒன்று வாங்கணும், எது நல்லது சொல்லுடி" என்றாய். அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டு பேச எனக்கு வருவதில்லை. விரல் நழுவினால் பாதிப் பேச்சு போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படி. மருமகள் விஷயத்துக்கு இதில் பதில் இல்லை. அதெல்லாம் எழுத்தில் வைக்கக் கூடாது.

எங்கள் பழைய சோபா உனக்கு ஞாபகம் இருக்கும். பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு வந்தபோது அதில் உட்கார்ந்து, "என்னடி, மந்திரி வீட்டு சோபா மாதிரி இருக்கு" என்றாய். கறுஞ்சிவப்பு, முகம் தெரிகிற பளபளப்பு. தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவசர அவசரமாக 1,600 மலேசிய வெள்ளிக்கு வாங்கியது. கடைப் பையன் "லெதர் ஆன்ட்டி" என்றான், நானும் தலையாட்டினேன். மூன்றாம் வருஷம் கைவைக்கிற இடத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு தோல் எழும்பியது. சும்மா இருந்திருக்கலாம், பேத்தி அதைப் பிய்த்துப் பார்த்தாள். அப்புறம் நிற்கவே இல்லை. தினமும் கூட்டினால் ஒரு பிடி சிவப்புச் செதில். ஒரு வெள்ளிக்கிழமை சந்தன நிறச் சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பின்னால் நின்ற அம்மா என் முதுகைத் தட்டித் தட்டி எதையோ உதிர்த்துக்கொண்டே இருந்தார். பாவம், எனக்கு ஏதோ தோல் வியாதி என்று நினைத்திருப்பார்.

அது தோலே இல்லையாம். துணியின் மேல் பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக்கை மெல்லிசாகப் பூசியது. காற்றில் இருக்கிற ஈரமே அந்தப் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். நம் ஊர் ஈரத்தைக் கேட்கவே வேண்டாம், உப்பு டப்பாவில் அரிசி போட்டு வைக்கிற ஊர். உட்காராமல் போர்த்தி வைத்திருந்தாலும் ஒரு நாள் உரியத்தான் செய்யும். நான்தான் பேத்தியைத் திட்டிக்கொண்டிருந்தேன். தோல் துணுக்குகளை அரைத்து ஒட்டி மேலே பூச்சு கொடுப்பது இன்னொரு வகை. லேபிளில் 'லெதர்' என்று இருக்கும், கதை அதே கதைதான்.

கடைக்குப் போய்க் கேட்டேன். "உத்தரவாதம் உள்ளே இருக்கிற மரச்சட்டத்துக்குத்தான், மேல் உறைக்கு இல்லை" என்றார்கள். ரசீதின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. பயனீட்டாளர் நடுவர் மன்றம் என்று ஒன்று இருப்பதே எனக்கு அதற்கப்புறம்தான் தெரியும். 5 வெள்ளி கட்டினால் போதும், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரைக்கும் வழக்கை எடுத்துக்கொள்வார்கள். ஆனால் மூன்று வருஷத்துக்குள் போகணும். நான் போவதா வேண்டாமா என்று யோசித்தே நாளைக் கடத்திவிட்டேன். ரசீதில் இருந்த மை வேறு வெளுத்து வெள்ளைத் தாளாகிவிட்டது. நீ எது வாங்கினாலும் ரசீதை அன்றைக்கே போனில் படம் பிடித்து வைத்துக்கொள். 'லெதர்' என்று வாயால் சொன்னால், எந்த லெதர் என்று ரசீதில் எழுதச் சொல். எழுதத் தயங்கினால் உனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

சரி, புதுசு வாங்கிய கதைக்கு வருகிறேன். இந்தத் தடவை பேரங்காடிப் பக்கமே போகக் கூடாது என்று எங்க வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அவர் செந்தூல் ரயில் பட்டறையில் பெட்டிகளின் இருக்கைகளைப் பிரித்துத் தைத்தவர் என்பது உனக்குத் தெரியும். முதல் சோபா வாங்கும்போது ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்காதே. கேட்டேன். "நீ என்னைக் கேட்டியா?" என்றார். சரிதான், அன்றைக்கு அவரை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

சுங்கை பூலோவுக்குப் போனோம். அங்கே முன்பக்கம் கடையும் பின்பக்கம் பட்டறையுமாகச் சில இடங்கள் உண்டு. நாங்கள் நுழைந்த கடையில் எழுபது வயதிருக்கும் ஒரு சீனத் தவுக்கே, கடை முதலாளி, என்னைப் பார்த்ததும் "உக்காரு தங்கச்சி, தண்ணி குடி" என்றார், அச்சு அசலான தோட்டத்துத் தமிழில். கோல சிலாங்கூர் பக்கம் தோட்டத்துக்கு வெளியே அவருடைய அப்பா மளிகைக் கடை வைத்திருந்தாராம். அப்புறம் விலை பேசியதெல்லாம் தமிழில்தான். அதில் எனக்கு ஒரு வெள்ளிகூடக் குறையவில்லை என்பது வேறு விஷயம்.

எங்க வீட்டுக்காரர் சோபாவில் உட்காரவே இல்லை. குனிந்து முன்கால் ஒன்றைப் பிடித்து அரை அடி தூக்கினார். ஒரு பக்கம் தூக்கினால் அடுத்த முன்காலும் உடனே கூட எழும்பணும். அது தரையிலேயே கிடந்தால் சட்டம் முறுக்கிக்கொள்கிறது, உள்ளே மூட்டு சரியில்லை என்று அர்த்தம். இரண்டு சோபா அதிலேயே தோற்றுப் போயின, ஒன்று 3,000 வெள்ளிக்கு மேல். அப்புறம் அடியில் தைத்திருந்த கறுப்புத் துணியின் ஓரத்தைப் பிரித்துக் காட்டச் சொன்னார். தவுக்கேக்கு அது பிடித்துப் போயிற்று என்று நினைக்கிறேன். "இதை எதுக்குப் பிரிக்கணும், பின்னாடி வா" என்று பட்டறைக்கே கூட்டிப் போனார்.

அங்கே உறை போடாத சோபாக்கள் வரிசையாக நின்றன. வெறும் எலும்புக்கூடு. வெளிறிய, பால்கோவா நிறத்து மரம். என்ன மரம் என்று கேட்டேன். "உனக்குத் தெரியலியா? கித்தா மரம், ரப்பர் மரம்" என்றார்.

மல்லிகா, நான் கையை வைத்துப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. கித்தா மரத்தை நான் பட்டையோடுதான் தொட்டிருக்கிறேன், உள்ளே என்ன நிறம் என்று யோசித்ததே இல்லை. நம்ம அம்மாமார் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரை நிரையாக வெட்டின மரம். பள்ளி விடுமுறையில் நாம் பால் பிடிக்கிற மங்கு துடைக்கப் போவோமே, ஒட்டுப்பால் நாற்றம் சட்டையை விட்டுப் போகாதே. பால் வற்றினால் இருபத்தைந்து, முப்பது வருஷத்தில் மரத்தைச் சாய்த்துவிடுவார்கள். அப்போதெல்லாம் அது விறகுக்குத்தான் போகும். லயத்தில் உங்கம்மா அதை எரித்துத்தானே கறி ஆக்கினார்? இனிப்புச் சத்து உள்ள மரம், அறுத்துப் போட்டால் சில நாளிலேயே பூஞ்சணமும் வண்டும் பிடித்துவிடும், அதனால் யாரும் சீண்டவில்லை. போரான் உப்பில் ஊறவைத்துச் சூளையில் உலர்த்தக் கற்றுக்கொண்ட பிறகுதான் அதற்கு மரியாதை வந்தது. இப்போது மூவாரில் இருக்கிற பட்டறைகள் இதை வைத்து நாற்காலி மேசை செய்து உலகம் பூரா அனுப்புகின்றன. தவுக்கே இதையெல்லாம் சொல்லிக்கொண்டே போனார், எங்க வீட்டுக்காரர் மூட்டுகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மரத்திலிருந்து கையை எடுக்கவில்லை. எங்கம்மா பகலில் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

உனக்கு வேண்டியது இதுதான்: சட்டம் முழு மரமாகவோ நல்ல பிளைவுட்டாகவோ இருக்கட்டும். மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை வேண்டாம். ஈரம் பட்டால் உப்பும், ஆணி பிடிக்காது. அதன் மேல் பாம்பு மாதிரி வளைந்த ஸ்பிரிங்குகள் நெருக்கமாகப் போட்டிருந்தால் வீட்டுக்குப் போதும். வெறும் எலாஸ்டிக் பட்டி மட்டும் இடைவெளி விட்டு அடித்திருந்தால் சீக்கிரம் தொட்டில் ஆகிவிடும்.

ஸ்பாஞ்சு விஷயத்தில்தான் நம்மை நன்றாக ஏமாற்றுகிறார்கள். அமுக்கிப் பார்த்துக் கெட்டியாக இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கெட்டி வேறு, அடர்த்தி வேறாம். லேசான மட்ட ஸ்பாஞ்சைக்கூடக் கெட்டியாகச் செய்யலாம். கடையில் ஜோராக இருக்கும், ஒரு வருஷத்தில் நீ உட்காருகிற இடம் மட்டும் குழி விழும். அடர்த்தியைக் கேள். ஒரு கன மீட்டருக்கு 30 கிலோவுக்கு மேல் இருந்தால் நல்லது. கேட்டால் தெரியாது என்பார்கள். அப்போது மெத்தையின் ஜிப்பைத் திறந்து, உள்ளே இருப்பதைக் கையில் தூக்கிப் பார். பெரிசாக இருந்துகொண்டு பஞ்சு மாதிரி லேசாக வந்தால் வைத்துவிட்டு வா. ஜிப்பே இல்லாமல் தைத்து மூடியதை நான் வாங்க மாட்டேன், துவைக்கவும் முடியாது.

உன் முட்டிக்கு வருகிறேன். இப்போது கடையில் அழகாக இருப்பதெல்லாம் தரையோடு தரையாக இருக்கிறது. உட்காரலாம், எழுந்திருக்க ஆள் வேண்டும். தரையிலிருந்து மெத்தை மேல்பக்கம் வரை 17, 18 அங்குலம் இருக்கட்டும். உன் தையல் டேப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போ. நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தால் பாதம் முழுசாகத் தரையில் படணும், முட்டிக்குப் பின்னாலும் மெத்தை விளிம்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் போகணும். நீ குட்டை, ஆழம் அதிகமாக இருந்தால் கால் தொங்கும். கோபப்படாதே, நானும் குட்டைதான். கைப்பிடி கெட்டியாக இருக்கட்டும், நீ எழும்போது அதைத்தான் ஊன்றுவாய்.

அப்புறம் விருந்தாளி மாதிரி விளிம்பில் உட்கார்ந்து பார்க்காதே. வீட்டில் எப்படி உட்காருவாயோ அப்படி, காலை மடித்து, ஒருக்களித்து, இருபது நிமிஷம். நான் தவுக்கே கடையில் அப்படியே கண்ணசந்துவிட்டேன். எழுப்பியபோது எங்க வீட்டுக்காரர், "இதையே எடுத்துக்கலாம்" என்றார்.

உறைக்குத் துணிதான் எடுத்தேன். வியர்வையில் ஒட்டாது, கழற்றித் துவைக்கலாம். நெருக்கமாக நெய்த, மண் நிறம். மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டு, "ரொம்ப சாதாரணமா இருக்கே அத்தை" என்றார். இருக்கட்டும். மூன்று பேர் உட்காருகிற ஒன்று, 1,850 வெள்ளி. பழையதைவிட 250 வெள்ளிதான் கூட. ஏற்றி வரும் கூலி 80, பழையதைத் தூக்கிப் போக இன்னொரு 80. உன் ஊருக்குப் பக்கத்தில் பத்து காவானில் ஐகியா மரச்சாமான் கடை 2019-இல் இருந்தே இருக்கிறதே, வாங்காவிட்டாலும் ஒரு நாள் போய் விதவிதமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வா. எந்த உயரம் உனக்குத் தோதுப்படுகிறது என்று தெரிந்துவிடும், காசும் செலவில்லை.

ஒன்று மறந்தேன். கூடத்தை மட்டும் அளந்துவிட்டு லிப்டை அளக்காமல் இருந்துவிடாதே. நாங்கள் அளந்தோம், ஆனால் லிப்டுக்குள்ளே பழைய மரப்பலகை அடித்திருப்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டு அங்குலத்தில் மாட்டிக்கொண்டது. காவல்கார ஜாகா வந்து சத்தம் போட, லோரிப் பையன்கள் இரண்டு பேரும் கால்களைக் கழற்றி, செங்குத்தாக நிமிர்த்தி, ஒருவழியாக உள்ளே தள்ளினார்கள். கால் கழலாத சோபாவாக இருந்திருந்தால் ஒன்பதாவது மாடிக்குப் படியில்தான். அவர்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தேன், ஆளுக்குப் பத்து வெள்ளியும் கொடுத்தேன்.

என் பெரிய மகளைக் கேட்டால் சோபாவே வேண்டாம் என்பாள். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் அவள் வீட்டுக்குள் 2021 டிசம்பரில் வெள்ளம் புகுந்தது உனக்குத் தெரியும். தண்ணீர் வடிந்த பிறகு நாங்கள் போனபோது அந்தத் தெரு முழுக்க, இரண்டு பக்கமும், சோபாக்கள்தான் குவிந்து கிடந்தன. ஸ்பாஞ்சு அந்தச் சேற்றைக் குடித்துவிட்டால் பிழிந்தாலும் காயாது, நாற்றம் போகாது. இப்போது அவள் வீட்டில் பிரம்பு நாற்காலிகளும் தனித்தனி மெத்தைகளும்தான். மழை வலுத்தால் மாப்பிள்ளையும் பேரனும் பத்து நிமிஷத்தில் மாடிக்கு ஏற்றிவிடுகிறார்கள். உன் வீடும் தரை வீடு. முன் வாசலில் தண்ணீர் ஏறிய வருஷம் உண்டா, யோசித்துப் பார்.

புதுசு வந்து இரண்டு மாதம் ஆகிறது. அதில் என் இடம் என்று நான் நினைத்த மூலையைப் பக்கத்து வீட்டுப் பூனை எடுத்துக்கொண்டது. எங்க வீட்டுக்காரர் இன்னும் தரையில்தான் உட்கார்ந்து அதில் முதுகைச் சாய்த்து டிவி பார்க்கிறார். கேட்டால், சட்டம் நல்ல சட்டம், சாயத் தோதாக இருக்கிறது என்கிறார்.

தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக்கு வருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு நாள் முன்னாலேயே ரயில் ஏறி பட்டர்வொர்த் வந்துவிடுகிறேன். நீ கடைகளைப் பார்த்து வை, அளவுகளை எழுதி வை, ஆனால் நான் வருகிற வரைக்கும் யாருக்கும் முன்பணம் கட்டிவிடாதே. முன்காலைத் தூக்கிப் பார்க்க இவரையும் கூட்டி வருகிறேன்.

உன்
சாந்தி