பதிவேட்டில் இடம் பெறாதவர்களுக்கு

தோட்டத்தின் அன்பர்களுக்கு வணக்கம்.

நம் தாவரவியல் தோட்டத்தில் ஒவ்வொரு செடிக்கும் ஓர் எண் உண்டு. எந்த ஆண்டு வந்தது, விதையாக வந்ததா பதியனாக வந்ததா, யார் கொடுத்தார்கள், எந்தப் பாத்தியில் நட்டோம் என்று எல்லாமே பதிவேட்டில் இருக்கும். செடி பட்டுப்போனால் அந்த நாளையும் எழுதுவோம். அதன் எண்ணை இன்னொரு செடிக்குத் தர மாட்டோம். சாதாரணப் பூங்காவுக்கும் தாவரவியல் தோட்டத்துக்கும் உள்ள முதல் வித்தியாசமே இந்தப் பதிவேடுதான்.

ஆனால் இந்த ஓர் ஆண்டில் மண்வெட்டி பிடித்தவர்களுக்கும், குடம் சுமந்தவர்களுக்கும், ராத்திரி கண்விழித்தவர்களுக்கும் அப்படி ஒரு பதிவேடு நம்மிடம் இல்லை. வருகைத் தாளில் பெயர் இருக்கும், வந்த நேரம் இருக்கும். வந்து என்ன செய்தார்கள் என்பது இருக்காது. அதை எழுதிவைக்கத்தான் இந்த மடல். பலர் வேண்டாம் என்று சொன்னதால் யாருடைய பெயரையும் போடவில்லை. படிக்கும்போது உங்களுக்கே உங்களைத் தெரிந்துவிடும்.

முதல் நன்றி மலர்க் குறிப்பேட்டு அம்மாவுக்கு. ஞாயிறுதோறும் காலையில் ஒரே பாதையில், ஒரே வரிசையில், அடையாளம் கட்டிய செடிகளை மட்டும் பார்த்துக்கொண்டு போவார். அரும்பு, மொட்டு, மலர், வீ (உதிர்ந்த பூ) என்று நான்கு கட்டம் போட்ட நோட்டு. பெரும்பாலான வாரங்களில் பெரும்பாலான செடிகளுக்கு நேரே அவர் எழுதியிருப்பது ‘இல்லை’ என்ற ஒரு சொல்தான். மழையிலும் குடைக்குக் கீழே நின்று ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறார். மை கரைந்த பக்கங்கள் இருக்கின்றன. அந்தப் பக்கங்களைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும். பூத்த நாளை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். பூக்காத வாரம் எது என்று தெரிந்தால்தான் ‘முதல் பூ இந்த வாரம்’ என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மரங்கள் பூத்த நாட்களைப் பற்றிய பழைய நாட்குறிப்புகள் 9-ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிப் போகின்றன. அவற்றை வரிசைப்படுத்திப் பார்த்துத்தான், 2021 மார்ச் 26 அன்று அங்கே செர்ரி முழுதாக மலர்ந்தது அதுவரையிலான 1,200 ஆண்டுகளில் மிக முன்கூட்டியே வந்த மலர்ச்சி என்று கண்டுகொண்டார்கள். எழுதிவைத்தவர்களில் ஒருவருக்கும் பருவநிலை மாற்றம் என்ற சொல்லே தெரிந்திருக்காது. அம்மா, உங்கள் நோட்டும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். இதை உங்களிடம் நேரில் சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவீர்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நிஷாகந்தி இரவு நடந்ததும் அந்த நோட்டால்தான். பலரும் பிரம்மகமலம் என்று சொல்லும் செடி அது. உண்மையில் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்த ஒரு கள்ளி. நாம் இலை என்று நினைப்பது தட்டையான தண்டு. அதன் ஓரத்திலிருந்துதான் மொட்டு வரும். இருட்டிய பிறகு விரியும் பூ விடிவதற்குள் தொங்கிவிடும். அதற்கு விழா நடத்துவது என்றால் தேதியை முன்கூட்டி அச்சடிக்க முடியாது. அம்மா போன ஆண்டு மொட்டுகளின் காம்பு எப்படி வளைகிறது என்று வாரம் விட்டு வாரம் பென்சிலில் வரைந்துவைத்திருந்தார். முதலில் கீழே தொங்கும். பிறகு கொக்குக் கழுத்துபோல மேலே வளையும். விரியும் நாளில் மொட்டு பருத்து, நுனி கொஞ்சம் தளர்ந்திருக்கும். ஒரு புதன்கிழமை காலை போன் செய்து, “இன்னிக்கு ராத்திரி. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க” என்றார். அவ்வளவுதான்.

அன்று பகல் முழுக்கத் தொலைபேசியில் உட்கார்ந்திருந்த மூன்று பேருக்கும், வேலை முடிந்த கையோடு நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு வந்த தம்பிகளுக்கும் எப்படி நன்றி சொல்வது? கல்லூரி மாணவிகள் ஒவ்வொரு கைவிளக்கின் மேலும் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டித் தந்தார்கள். வெள்ளை வெளிச்சம் இருந்தால் அந்துப்பூச்சிகள் பூவை விட்டு விளக்கிடம் போய்விடும் என்று சொல்லி, வாசலிலேயே எல்லாருடைய போனையும் அணைக்கச் சொன்னதும் அவர்கள்தான். படம் எடுக்கவே வந்திருந்தவர்கள்கூடக் கேமராவைப் பைக்குள் வைத்தார்கள். உங்களுக்கு அது எளிதாக இருந்திருக்காது.

எட்டரை மணிக்கு மேல் எல்லாரும் மொட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். பார்வை மிகவும் மங்கிய பெரியவர் ஒருவரைப் பேத்தி கைபிடித்துக் கூட்டி வந்திருந்தாள். அவர்தான் முதலில், “வாசனை வந்துடுச்சு, திறக்குது” என்றார். அப்புறம்தான் எங்கள் கண்ணுக்கு இதழ் அசைவது தெரிந்தது. ஐயா, அந்த நிமிடத்துக்காக உங்களுக்குத் தனி நன்றி.

கூட்டம் கலைந்த பிறகும் ஓர் அண்ணன் போகவில்லை. பூ எப்போது வாடத் தொடங்குகிறது என்று நோட்டில் இதுவரை எழுதியதில்லை என்று அம்மா எப்போதோ சொன்னது அவருக்கு நினைவிருந்தது. ஒரு போர்வையோடு அங்கேயே இருந்து, அரை மணிக்கு ஒருமுறை பார்த்து எழுதினார். 3.40-க்கு ‘வெளி இதழ் தளர்கிறது’ என்று இருக்கிறது. காலையில் குளித்துவிட்டு அப்படியே வேலைக்குப் போயிருக்கிறார். இது எனக்குத் தெரிந்ததே இரண்டு வாரம் கழித்துத்தான்.

அடுத்தது காவல் ஐயா. சாமந்திப் பாத்தி விஷயத்தில் அவர் இல்லையென்றால் இந்த ஆண்டு மலர்க் காட்சியே பாதியாகியிருக்கும். வாசல் பக்கத்துப் பாத்தியில் ஒரு முனையில் செடிகள் மொட்டு வைத்துவிட்டன. மறுமுனையில் கொழுகொழுவென்று இலை மட்டும்தான். உரம் பார்த்தோம், தண்ணீர் பார்த்தோம், வேரைத் தோண்டிப் பார்த்தோம். நாங்கள் எல்லாரும் பகலில் வந்து பகலில் போகிறவர்கள். ராத்திரி அங்கே இருப்பவர் அவர் ஒருவர்தான். “புது விளக்குக்குப் பக்கத்துல இருக்கறதுக்கு மட்டும் ராத்திரியே வரலியே” என்று சொன்னார்.

அதுதான் காரணம். சாமந்தி பூக்க நீண்ட, இடையில் வெளிச்சம் படாத இருட்டு வேண்டும். இரவு நடுவில் வெளிச்சம் விழுந்தால் இன்னும் பகல் நீளமாகத்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு செடி இலையை மட்டும் வளர்க்கும். மாலையில் வருகிறவர்கள் தடுமாறக் கூடாது என்று நாங்கள்தான் அந்த விளக்கைப் போட்டோம். விடிய விடிய எரியவும் விட்டிருந்தோம். வெல்டிங் வேலை செய்யும் நண்பர் அதே வாரத்தில் வெளிச்சம் நேர் கீழே மட்டும் விழும்படி தகரத்தில் ஒரு மூடி அடித்துத் தந்தார். பத்து மணிக்கு மேல் விளக்கை அணைக்கும் பொறுப்பைக் காவல் ஐயாவே எடுத்துக்கொண்டார். சில வாரங்களில் மறுமுனையும் மொட்டு வைத்தது. பாத்தி முழுக்க ஒரே நேரத்தில் பூக்கவில்லை. ஒரு முனை முடியும்போது மறுமுனை தொடங்கியது. அதனால் பள்ளிப் பிள்ளைகள் கடைசியாக வந்தபோதும் அவர்களுக்குக் காட்டப் பூ இருந்தது.

பிள்ளைகள் என்றதும் பூக்கடிகாரம் நினைவுக்கு வருகிறது. எந்தப் பூ எத்தனை மணிக்கு விரிகிறது என்று பார்த்தே நேரம் சொல்லலாம் என்பது சுவீடன் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ் 1751-ல் எழுதிவைத்த யோசனை. அவர் ஊரில் குறித்த நேரம் இன்னோர் ஊருக்குப் பொருந்தாது என்பதால் எங்கள் பிள்ளைகள் தாங்களே பார்த்துக் குறிக்க வேண்டியிருந்தது. வட்டப் பாத்தியை வெட்டித் தந்த அப்பாக்களுக்கும், முறை வைத்துக்கொண்டு காலை, மதியம், மாலை என்று பிள்ளைகளோடு வந்து நின்ற அம்மாக்களுக்கும் நன்றி. விடியலில் தாமரை, வெயில் ஏறும்போது பத்துமணிப் பூ, பொழுது சாயும்போது அந்திமந்தாரை, இருட்டிய பின் பவளமல்லி. மேகம் மூடிய ஒரு நாளில் பதினொன்றரை ஆகியும் பத்துமணிப் பூ திறக்கவில்லை. கடிகாரம் கெட்டுப்போச்சு என்று ஒரு பொடியன் அழுதேவிட்டான். அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பூ மணியைப் பார்ப்பதில்லை, வெயிலைப் பார்க்கிறது என்று பொறுமையாகச் சொல்லிப் புரியவைத்த ஓய்வு பெற்ற ஆசிரியரம்மா, நீங்கள் அன்று நடத்தியதைப் போல ஒரு பாடத்தை நான் பார்த்ததில்லை. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் ஏழு நிலைகளையும் அந்தப் பிள்ளைகள் இப்போது சரியாகச் சொல்கிறார்கள். வாடிய பூவாகிய செம்மலைக் கையில் எடுத்துக் காட்டியே சொல்கிறார்கள்.

இந்த ஆண்டு வருத்தமும் இருந்தது. வெளியிலிருந்து மொத்தமாக வாங்கிய மட்கு உரம் முழுதாக மட்கியிருக்கவில்லை. அரைகுறையாக மட்கியதை மண்ணில் கலந்தால் மிச்சத்தை மட்கவைக்க நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும், செடிக்குக் கிடைக்காது. இரண்டு தட்டு நாற்றுகள் மஞ்சளாகிப் போய்விட்டன. அதில் சில, மூன்று முறை விதைத்துத்தான் முளைத்தவை. அதன் பிறகு தோட்டத்திலேயே மட்குக் குவியல் போட முன்வந்த ஆறு பேருக்கு நன்றி. குவியலின் உள்ளே சூடு 55 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறதா என்று கம்பி வெப்பமானியைக் குத்திப் பார்த்து, சூடு இறங்கியதும் புரட்டிப்போட்டு, விடிகாலையில் நெடியோடு நின்று வேலை செய்கிறார்கள். பார்வையாளர் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. வந்து பார்க்க வேண்டிய இடம் அது.

களை பறிக்கும் நாளில் எருக்கஞ்செடியின் முன்னால் கையை விரித்து நின்றுகொண்டு, இலையின் அடியில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு இருக்கிறது என்று பெரியவர்களைத் தடுத்த சின்னத் தங்கைக்கும் நன்றி. அந்தச் செடிக்கு அன்றே எண் கொடுத்துவிட்டோம்.

சக்கர நாற்காலி போகும் அளவுக்கு நடைபாதையின் சரிவைக் குறைத்துத் தந்தவர்கள், மாதம் ஒருமுறை வந்து கத்தரிக்கோல்களைச் சாணை பிடித்துத் தருகிறவர், வேறு ஊருக்குக் குடிபோன பின்னும் அலுமினியத் தகட்டில் பெயர் பொறித்துத் தபாலில் அனுப்பிக்கொண்டே இருக்கும் அக்கா, காட்சி நாட்களில் வாசல் முழுக்க வண்டிகள் நின்றும் கோபப்படாத அக்கம்பக்கத்து வீட்டார், பணமாகத் தந்துவிட்டுப் பெயர் வேண்டாம் என்றவர்கள், எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரே ஒரு நாள் வந்து, முதுகு வலிக்கிறது என்று அப்புறம் வராமல் போனவர்களுக்கும்தான். அன்று நீங்கள் நட்ட வேலிச்செடி வேர் பிடித்துவிட்டது.

கடைசியாக ஒருவர். அவர் யார் என்று எனக்குத் தெரியாது. மழை விட்ட ஒரு காலையில் வாசல் கம்பியில் ஒரு காகித உறை செருகியிருந்தது. மேலே பென்சிலில் ‘பவளமல்லி, வீட்டு மரம், இப்போது இல்லை’ என்று எழுதியிருந்தது. உள்ளே தட்டையான காய்கள் சில. ஒவ்வொரு காயிலும் இரண்டு விதை இருக்கும். புதிதாக வருவதை உடனே மற்றச் செடிகளோடு சேர்க்கக் கூடாது என்பதால் தனியாக விதைத்துவைத்தோம். வாரக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. அம்மாவின் நோட்டில் ‘இல்லை, இல்லை, இல்லை’ என்றே வந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று நாற்றுகள். இப்போது நாலு இலை விட்டிருக்கின்றன.

பதிவேட்டில் எண் போட்டாயிற்று. வந்த நாள், விதையாக வந்தது, தனிப் பாத்தி என்பதெல்லாம் எழுதியாயிற்று. ‘கொடுத்தவர்’ என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. அந்த மரம் எத்தனை ஆண்டுகள் நின்றது, எப்போது பூக்கும், ஏன் இப்போது இல்லை என்று உங்களுக்குத்தான் தெரியும். இதைப் படித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். அம்மா அந்தப் பாதையில்தான் இருப்பார், பேனாவும் அவரிடம் இருக்கும்.

அன்புடன்,
தோட்டத் தன்னார்வலர் குழுவுக்காக