மெடிக்கல் அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் இருந்த அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு வலி இல்லை என்றார், எனக்கு அழுகை வந்துவிட்டது. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்ப எழுத இப்போது தெம்பில்லை.

ராத்திரியோடு ராத்திரியாக வந்து ரத்தம் கொடுத்த ஆபீஸ் தம்பிகள், பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்ட எதிர்வீட்டு அக்கா, கேட்காமலே பணம் அனுப்பிய சித்தப்பா, வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற எண்டோஸ்கோப்பி அறையில் அம்மாவின் கையை விடாமல் பிடித்திருந்த நர்ஸம்மா, உங்கள் எல்லோருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆனால் எங்கள் தெருமுனை மெடிக்கல் அண்ணனைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். அம்மா முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்குவதும், வயிற்றுக்கு ஜெலுசில் வாங்குவதும் அவர் கடையில்தான். அன்றைக்கும் அதையேதான் கேட்டோம். அவர் மாத்திரையை எடுக்காமல் அம்மா முகத்தையே பார்த்தார், வெளியே வந்தார், பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாக, "அம்மா, தப்பா நினைக்காதீங்க, மலம் கறுப்பா, தார் மாதிரி போகுதா?" என்று கேட்டார். அம்மா ஆமாம் என்றார். மகள் என்னிடம்கூடச் சொல்லாத விஷயம் அது. இரும்புச்சத்து மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்றும் கேட்டுக்கொண்டார், அதனாலும் கறுக்குமாம். இல்லை என்றதும், "வீட்டுக்குப் போக வேண்டாம், நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லி, அம்மா சாப்பிட்ட மாத்திரைகளின் பெயரை ஒரு கவரில் எழுதிக் கொடுத்து, அவரே ஆட்டோவை நிறுத்தி ஏற்றிவிட்டார். டியூட்டி டாக்டர் அந்தக் கவரைப் பார்த்ததுமே வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று சந்தேகப்பட்டார்.

அதுவரை வயிற்று வலி என்றதும் எல்லோரும் சொன்னது வாயு, கேஸ், நேரத்துக்குச் சாப்பிடாதது, இவ்வளவுதான். ஓமத்தண்ணீர், சீரகத் தண்ணீர், மணத்தக்காளிக் கீரை என்று அன்பாகக் கொடுத்தவர்கள் நிறைய. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். இந்த வகை வலி மாத்திரை, வயிற்றின் உள்சுவரைக் காக்கிற பூச்சையும் சேர்த்துக் குறைத்துவிடும் என்று டாக்டர் விளக்கினார். அதோடு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் இருந்தது. அதற்கு 14 நாள் கோர்ஸ், இரண்டு ஆன்டிபயாட்டிக், கூடவே அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை. வலி போய்விட்டது என்று நடுவில் நிறுத்தவே கூடாது. கோர்ஸ் முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று திரும்பப் பரிசோதிப்பார்கள். முட்டிக்கு இப்போதைக்கு பாராசிட்டமால் மட்டும்.

வயிற்று வலிக்குப் பித்தப்பைக் கல், கணையம், குடல் என்று எத்தனையோ காரணம் இருக்கலாம், எல்லோருக்கும் அம்மாவுக்கு வந்ததே வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வலி விடாமல் இருந்தாலோ, எடை குறைந்தாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ, மலம் கறுத்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். இனி என்னிடம் யார் வயிற்று வலி என்று வந்தாலும், அண்ணன் கேட்ட அதே கேள்விகளை நானும் கேட்பேன், கூச்சப்பட மாட்டேன்.

அம்மாவைப் பார்க்க வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். காரம் தின்றதால்தான் வந்தது என்று அவரிடம் சொல்லாதீர்கள். காரத்தால் எரிச்சல் கூடலாம், புண் அதனால் வரவில்லை. காரமும் கவலையும்தான் அல்சருக்குக் காரணம் என்று டாக்டர்களே நம்பிய காலம் உண்டு. 1982இல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள், 2005இல் அதற்கு நோபல் பரிசே கிடைத்தது. அம்மா பாவம், ஊறுகாயைத் தொட்டதற்கெல்லாம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். சாயங்காலம் 5 மணிக்கு மேல் வாருங்கள், அதுவரை தூங்கட்டும்.